கிங்ஸ் சர்க்கிள் எப்படி வந்தது? மாட்டுங்கா நினைவு உள்ளவர்கள் எழுதுங்கள்

பூங்காவோரம்:

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிறு காலை நடைக்குப் போனபோது மும்பை மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் வட்டத்துக்குள் இருக்கும் மகேஸ்வரி உத்யான் பூங்கா வாசலில் ஒரு தமிழ்த் தாத்தா தன் பேரனிடம், "இது நம்ம ஜனங்க உண்டாக்கின இடம்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பையன் விடவில்லை. "அப்போ கிங்ஸ் சர்க்கிள்னு ஏன் சொல்றாங்க? கிங் யாரு?" தாத்தா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த வரைக்கும் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. முப்பது வருஷமாக அந்தப் பூங்காவைத் தினம் நான்கு சுற்று சுற்றுகிறேன். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். நீங்களும் சேருங்கள்.

என்னைக் கேட்டால் இந்த வட்டத்தின் கதை பிளேக்கில் தொடங்குகிறது. 1896 செப்டம்பரில் மாண்ட்வியில் ஜுரமும் நெறிகட்டியுமாக இருந்த நோயாளிகளைப் பார்த்து, இது பிளேக் என்று கண்டுபிடித்தவர் அகாசியோ வியேகாஸ் என்ற கோவாக்கார டாக்டர். மாண்ட்வி துறைமுகத்தை ஒட்டிய இடம். தானியக் கிடங்குகள் நிறைய, எலிகளும் நிறைய. அதன் நடுவே காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். சில மாதங்களில் லட்சக்கணக்கானோர் ஊரை விட்டே ஓடினார்கள். மில்கள் வெறிச்சோடின.

அதற்கு அப்புறம்தான் 1898இல் நகரைச் சீரமைக்க பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற அமைப்பு வந்தது. தெற்கே கடற்காற்று உள்ளே வரட்டும் என்று நெரிசலான தெருக்களை இடித்து பிரின்சஸ் ஸ்ட்ரீட், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு மாதிரி அகலமான சாலைகள் போட்டார்கள். இடித்தால் அங்கே இருந்தவர்கள் எங்கே போவார்கள்? அதற்காக வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் பக்கத்தில் வயலும் தோப்புமாகக் கிடந்த நிலத்தை வாங்கி, மண் கொட்டி மேடாக்கி, மனை பிரித்தார்கள். சாலைகள் வந்து சேரும் இடத்தில் வட்டம், வட்டத்துக்குள் தோட்டம். இன்று நாம் சுண்டல் பொட்டலத்தோடு உட்காரும் இடம் அப்படி வந்ததுதான்.

ஆனால் இடிபட்ட வீடுகளில் இருந்தவர்கள் இங்கே வரவில்லை. மனை வாங்கிக் கட்டியவர்களும் அவர்களுக்கு வாடகை கொடுக்க முடிந்தவர்களும்தான் வந்தார்கள். அவர்களில் பெரும்பங்கு நம் ஆட்கள்.

புதுவரவு:

ரொம்ப நன்றி சார். நான் மதுரைப் பக்கம், மும்பைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. எனக்குப் பெயர்க் குழப்பம்தான் பெரிது. பஸ்ஸில் மகேஸ்வரி உத்யான் என்கிறார்கள், டாக்சிக்காரர் கிங்ஸ் சர்க்கிள் என்கிறார், அலுவலகத்தில் மாட்டுங்கா என்கிறார்கள். ஒருநாள் மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனில் இறங்கிவிட்டு ரொம்ப நேரம் அலைந்தேன்.

பூங்காவோரம்:

மாட்டுங்கா ரோடு வெஸ்டர்ன் லைன், மாட்டுங்கா சென்ட்ரல் லைன், கிங்ஸ் சர்க்கிள் ஹார்பர் லைன். மூன்றும் மூன்று ஸ்டேஷன். இங்கே வந்த தமிழர் எல்லாருமே ஒரு தடவை தப்பாக இறங்கியவர்கள்தான், வருத்தப்படாதீர்கள்.

அந்தக் கிங் பிரிட்டிஷ் ராஜா ஐந்தாம் ஜார்ஜ் என்று சொல்வார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டத்துக்கு மகேஸ்வரி உத்யான் என்று பெயர் வைத்தார்கள். சாலை டாக்டர் அம்பேத்கர் ரோடு. ஸ்டேஷன் பெயரையும் தீர்த்தங்கர் பார்ஷ்வநாத் என்று மாற்றலாம் என 2024 ஜூலையில் மகாராஷ்டிர சட்டமன்றம் தீர்மானம் போட்டது. சுற்றுவட்டாரத்தில் ஜைனக் குடும்பங்கள் அதிகம். பேச்சில் மட்டும் கிங்ஸ் சர்க்கிள் அப்படியே நிற்கிறது. கிங் யாரென்று தெரியாமலே மூன்று தலைமுறை அந்தப் பெயரைச் சொல்லிவிட்டோம்.

மாட்டுங்கா என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. மாஹிமில் ஆண்ட பீமதேவ ராஜாவின் யானைக் கொட்டாரம் இங்கே இருந்ததாம், அதனால் மாதங்கம் மருவி மாட்டுங்கா ஆனதாம். செவிவழிக் கதைதான். ஆனாலும் மாதங்கம் என்றால் யானை என்று நமக்கும் புரிகிறதே, அதனால் எனக்குப் பிடிக்கும்.

பழைய ஸ்டெனோ:

எனக்கு வயது எண்பத்தாறு. பேத்தி உட்கார்ந்து தட்டித் தருகிறாள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1958இல் கும்பகோணத்திலிருந்து வந்தேன். கையில் டைப்ரைட்டிங் ஹையரும் ஷார்ட்ஹேண்டு லோயரும் பாஸான சர்டிபிகேட். அந்த இரண்டும் இருந்தால் பம்பாயில் கோட்டைப் பக்கத்து ஆபீஸ் எதிலாவது வேலை கிடைக்கும் என்று ஊரில் பேச்சு. உண்மையாகவே கிடைத்தது. எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் தங்கள் ஆபீஸில் இடம் காலியானால் தந்தி மாதிரி செய்தி பரப்பிவிடுவார்கள். கிங்ஸ் சர்க்கிள் தோட்டத்தின் பெஞ்சுதான் எங்கள் வேலைவாய்ப்பு ஆபீஸ். சாயங்காலம் ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தால் எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எந்த அறையில் ஒரு படுக்கை காலி, ஊருக்கு யார் போகிறார்கள், ஊறுகாய் யார் கொண்டுவருகிறார்கள், எல்லாம் தெரிந்துவிடும்.

நாங்கள் ஒரு பிளாட்டில் ஆறு பேர். அந்த வீட்டில் நான் கண்ட பெரிய அதிசயம், கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே இருந்தது. கிர்காவ் பக்கம், வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட சால் என்ற குடியிருப்பில் இருந்த என் சித்தப்பா பொதுக் கக்கூஸ் வரிசையில் செம்போடு நிற்பார். அவர் எங்கள் அறைக்கு வந்தபோது அந்தக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "நீ அதிர்ஷ்டக்காரன்டா" என்றார். வீட்டுக்குள் அடுப்பு, குழாய், கக்கூஸ் மூன்றும் இருந்தால் ஆசாரத்துக்குச் சரிவரும் என்றுதான் முதலில் வந்த குடும்பங்கள் மாட்டுங்காவைப் பிடித்துக்கொண்டன என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார்.

தாதர் டிடி வரை நடந்து போய் டிராம் பிடிப்போம். டிடி என்றால் டிராம் டெர்மினஸ், இப்போது யாருக்கும் தெரியாது. போரிபந்தர் வரைக்கும் மெதுவாக ஊர்ந்து போகும். 1964 மார்ச் 31ஆம் தேதி ராத்திரி கடைசி டிராம் ஓடியது. பார்க்கப் போயிருந்தேன். அவ்வளவு கூட்டம். சிலர் ஓடிவந்து தொட்டுப் பார்த்தார்கள்.

செம்பூர்வாசி:

மாமா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவரும் ஸ்டெனோதான். அறுபதுகளில் மாட்டுங்கா வாடகை எட்டாமல் போய், எங்கள் குடும்பம் செம்பூருக்கு வந்தது. சிலர் முலுண்ட், சிலர் டோம்பிவிலி. ஆனால் கல்யாணச் சாமான், கொலு பொம்மை, வாழை இலை எது வாங்கவும் மாட்டுங்காதான். அப்பா பள்ளிக்கூடம் படிக்க வைத்ததும் எஸ்.ஐ.இ.எஸ்ஸில்தான். 1932இல் தொடங்கிய சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி அது, நம் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று. 1923இல் ஆரம்பித்த ஆஸ்திக சமாஜத்தில் மார்கழி காலை பஜனை, பொங்கல் பிரசாதம். குளிரில் பாட்டி முக்காடு போட்டுக்கொண்டு கூட்டிப்போவாள்.

தெலங் ரோடு மார்க்கெட்டில் ஒரு பூக்கார அம்மா. ஈரச் சாக்கைத் தூக்கினால் அடியில் மல்லிகை. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை சரத்தை இழுத்து அளந்து, கடைசியில் இரண்டு விரற்கடை கூட விட்டு, பல்லால் நாரைக் கடித்து அறுப்பார். "தோன் முழமா, தீன் முழமா?" என்பார். தோன் இரண்டு, தீன் மூன்று; மராத்தியும் தமிழும் ஒரே வாயில். என் பெண் இன்றைக்கும் முழத்தை அப்படித்தான் எண்ணுகிறாள்.

கச்சேரி நடக்கும் சண்முகானந்தா ஹால் பற்றி யாரும் எழுதவில்லையே. 1952இல் சபா, 1963இல் ஹால். 1990இல் தீப்பிடித்தது. மறுநாள் அப்பாவோடு போய் வெளியே நின்று பார்த்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. வீடு வந்து சேரும் வரைக்கும் பேசவில்லை. திரும்பக் கட்டித் திறக்க ஏழு வருஷம் ஆயிற்று. அதற்குள் அப்பா போய்விட்டார்.

புதுவரவு:

அங்கே இருக்கும் ஹோட்டல்கள் எல்லாம் நம் தமிழர் ஆரம்பித்ததா? நெய் ரோஸ்ட் சாப்பிட ஒரு மணி நேரம் வரிசையில் நின்றேன்.

பூங்காவோரம்:

இதைத் திருத்தியே ஆக வேண்டும். பேர் வாங்கியவை பெரும்பாலும் உடுப்பி, மங்களூர்ப் பக்கத்துக்காரர்கள் நடத்தியவை. 1936இல் வந்த மைசூர் கஃபேயும் 1942இல் மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டி வந்த உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கும் ராமா நாயக் என்ற கன்னடக்காரரின் உழைப்பு. கஃபே மெட்ராஸ் பெயரில்தான் மெட்ராஸ், அதுவும் உடுப்பி வழிதான். வட்டத்தின் முனையில் நிற்கும் கூலர் அண்ட் கோ 1932ஆம் வருஷத்து இரானி டீக்கடை. ஃபைவ் கார்டன்ஸ் என்ற ஐந்து தோட்டங்கள் பக்கம் போனால் பார்சி காலனி. அவர்களுக்கு மஞ்சர்ஜி ஜோஷி என்ற இன்ஜினியர் டிரஸ்டிடம் மன்றாடி 103 மனைகள் ஒதுக்கி வாங்கினார். தமிழர், மலையாளி, கன்னடக்காரர், குஜராத்தி, பார்சி, இரானி எல்லாரும் சேர்ந்து இருந்த இடத்தை நமது என்று மட்டும் சொல்வது சரியில்லை. அந்தத் தாத்தாவிடமும் இதைத்தான் சொன்னேன்.

தொண்ணூறடி ரோடு:

எல்லாவற்றையும் படித்தேன். நல்ல விஷயங்கள். ஆனால் "நம்ம ஜனங்க", "நம் ஆட்கள்" என்று திரும்பத் திரும்ப வருகிறதே, அதில் நாங்கள் இருக்கிறோமா?

நான் தாராவி. அந்த வட்டத்திலிருந்து நடந்தால் அரை மணி. என் தாத்தா திருநெல்வேலியிலிருந்து வந்து தோல் பதனிடும் வேலை பார்த்தவர். தாராவியில் பெரிய பள்ளிவாசல் 1887இல், கணேசர் கோயில் 1913இல். உங்கள் பிளாட்டுகள் எழும்புவதற்கு முன்பே நாங்கள் இந்த ஊரில் தமிழ் பேசிக்கொண்டிருந்தோம். இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் மேடாக்கிக் கொடுத்த மனை எங்களுக்குக் கிடைக்கவில்லை. நாங்கள் சதுப்பு நிலத்தில் நாங்களே மண் கொட்டி மேடாக்கிக்கொண்டோம்.

தாத்தா ஒருமுறை மாட்டுங்காவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனார். தமிழில் கேட்டால் உள்ளே விடுவார்கள் என்று நினைத்தாராம். கேட்ட தமிழை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து, வெளியே நிற்கச் சொல்லி இலையில் கட்டிக் கொடுத்தார்கள். அதை வாங்காமல் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். அதன் பிறகு கடைசி வரை மாட்டுங்கா பக்கம் போகவில்லை. அப்பாவையும் போக விடவில்லை. கிங்ஸ் சர்க்கிள் வரலாறு எழுதுவதாக இருந்தால் இதையும் எழுதுங்கள்.

பழைய ஸ்டெனோ:

தம்பி, நீங்கள் எழுதியது உண்மை. நான் அறை கேட்டுப் போன வீட்டில் என் பெயருக்கு முன்னால் கோத்திரத்தைத்தான் கேட்டார்கள். நான் சொன்னேன், சாவி கிடைத்தது. அது கேட்கக்கூடிய கேள்விதானா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் தாத்தா இருந்திருந்தால் அவரிடமே சொல்லியிருப்பேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1966இல் சிவசேனை ஆரம்பித்த பிறகு மதராஸிகள் எங்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று கூட்டங்களில் பேசினார்கள். ஆபீஸ்களில் யார் யார் தென்னிந்தியர் என்று பட்டியல் போட்டுப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். உடுப்பி ஹோட்டல்கள் மேல் கல் விழுந்தது. அந்தச் சமயத்தில் நான் வேட்டியோடு தெருவில் இறங்குவதையே நிறுத்திவிட்டேன். லுங்கி, வேட்டி, பிராமணன், மற்றவன் என்று கல் எறிகிறவன் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்குத் தாராவி என்ற ஊர் நினைவுக்கு வந்தது. அங்கே என்ன ஆயிற்றோ என்று முதல் தடவையாகக் கவலைப்பட்டேன். எட்டு வருஷம் கழித்து!

தொண்ணூறடி ரோடு:

ஐயா, இவ்வளவு நேராக எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

மழைக்கணக்கு:

நான் சிவில். பழைய பேச்சு நடுவே தண்ணீர் விஷயமும் சேரட்டும், ஏனென்றால் அதுவும் இந்த வட்டத்தின் வரலாறுதான். ஒவ்வொரு ஜூலையிலும் டிவியில் முதலில் காட்டுவது கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட்டும்தானே. பூங்காவோரம் எழுதியதிலேயே காரணம் இருக்கிறது: வயலாக இருந்த பள்ளம். எவ்வளவு மண் கொட்டினாலும் சுற்றியுள்ள இடங்களைவிட அது தட்டு மாதிரிதான். நகரத்தின் பழைய மழைநீர்க் கால்வாய்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்குகிற கணக்கில் போட்டவை, அதுவும் கடல் வற்றி இருக்கும் நேரத்துக்கு. கடல் ஏறும்போது பலத்த மழையும் பிடித்தால் கால்வாய் நீர் வெளியே போக வழியில்லாமல் மேலே எழும்புகிறது. இதை இரட்டிப்பாக்க 1993லேயே திட்ட அறிக்கை வந்தது. வேலை ஆமை வேகத்தில் நடந்தது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். அதை எந்தக் கால்வாயும் தாங்காது.

அன்றைக்கு நான் சயானிலிருந்து தாதர் வரை நடந்தேன். வட்டத்தில் தண்ணீர் இடுப்புக்கு மேல். தோட்டத்துக் கம்பி வேலியைப் பிடித்துப் பிடித்து, முகம் தெரியாத பத்துப் பேர் கைகோத்துச் சங்கிலி மாதிரி கடந்தோம். எனக்கு முன்னால் இருந்தவர் தலையில் ஸ்கூல் பை, தோளில் குழந்தை. யார் என்ன பாஷை என்று தெரியாது, "கெட்டியா பிடி, பகடோ" என்று மட்டும் கத்திக்கொண்டே போனோம். அந்த வேலியைப் பார்க்கும்போதெல்லாம் இப்போதும் உள்ளங்கை கூசுகிறது.

செம்பூர்வாசி:

மேம்பாலத்துக்கு அடியில் வந்த தோட்டத்தையும் சொல்லுங்கள். நல்ல காரியத்தையும் எழுத வேண்டும் இல்லையா?

மழைக்கணக்கு:

ஆமாம். அம்பேத்கர் ரோட்டு மேம்பாலத்தின் அடியில் பார்க்கிங்கும் ஆக்கிரமிப்பும் வந்துவிடும் என்று பயந்து, பக்கத்துக் குடியிருப்பவர்கள் வருஷக்கணக்கில் காவல் காத்து, மாநகராட்சியிடம் மனுக் கொடுத்து வாங்கியது. 2016இல் திறந்தார்கள். நர்மதை ஆறு போகிற வளைவுகளை அப்படியே நடைபாதையாகப் போட்டிருக்கிறார்கள், சுமார் 600 மீட்டர். தலைக்கு மேல் லாரி ஓடுகிறது, கீழே பாட்டிகள் நடக்கிறார்கள். வட்டத்தை 1898இல் வந்த டிரஸ்ட் வரைபடம் போட்டுக் கொடுத்தது. இது ஜனங்களே கேட்டு வாங்கியது. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது.

பூங்காவோரம்:

நான் வேறு ஒன்றைக் கவலையோடு எழுதுகிறேன். வட்டத்தைச் சுற்றி நிற்கிற மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள் பெரும்பாலும் முப்பது, நாற்பதுகளில் எழும்பியவை. வளைந்த பால்கனி, ஜன்னலுக்கு மேல் கோடு கோடாக சிமெண்ட் விளிம்பு, மாடிப்படிக் கண்ணாடிக்கு மேல் நீளமாக ஓர் அலங்காரம். மரைன் டிரைவிலும் ஓவல் மைதானத்தின் மேற்குப் பக்கத்திலும் இருக்கிற இதே ஆர்ட் டெகோ பாணிக் கட்டடங்களை 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மாட்டுங்கா அதில் இல்லை. இங்கே ஒன்றன் பின் ஒன்றாக ரீடெவலப்மென்ட் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒழுகுகிற கூரைக்குக் கீழே இருப்பவருக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். ஆனால் வாசலுக்கு மேல் சிமெண்டில் புடைப்பாக எழுதிய பெயரும் வருஷமும் இடிபாட்டோடு போய்விடும். பாதிக் கட்டடங்களின் வரலாறு அந்த இரண்டு வரிதான்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் தோட்டத்து நடைபாதைப் புத்தகக்கடைகள் பக்கம் நிற்பேன். போனை எடுத்துக்கொண்டு வந்தால், ஆளுக்கு ஒரு சாலையாகப் பிரித்துக்கொண்டு வாசல் பெயர்களைப் படம் எடுக்கலாம். தொண்ணூறடி ரோடு, நீங்கள் அப்பாவோடு வர முடியுமா? முடிந்தால் தாராவிக் கணேசர் கோயில், பள்ளிவாசல் படங்களையும் இதே இழையில் சேர்க்கலாம். வரலாறு ஒன்றாகவே இருக்கட்டும்.

தொண்ணூறடி ரோடு:

அப்பாவுக்கு முழங்கால் வலி. கேட்டுப் பார்க்கிறேன்.

புதுவரவு:

ஞாயிறு போய் வந்தோம். ஏழு பேர் வந்திருந்தோம். நான் பாவுதாஜி ரோட்டில் பதினொரு வாசல் எடுத்தேன், இரண்டில் வெள்ளையடித்து எழுத்தே தெரியவில்லை. பழைய ஸ்டெனோ ஐயாவைப் பேத்தி சக்கர நாற்காலியில் கூட்டிவந்தார். புத்தகக்கடைக்காரர் ஒரு பழைய ஷார்ட்ஹேண்டுப் பாடப்புத்தகத்தை எடுத்துக் காட்டியதும், ஐயா விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினார். இது "வணக்கம்" என்றார். காசு வாங்க மாட்டேன் என்று கடைக்காரர் பிடிவாதம் பிடித்தார்.

தொண்ணூறடி ரோடு:

அப்பா வந்தார். டாக்சியில் தோட்டத்து வாசலில் இறங்கினோம். கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அவரே உள்ளே நடந்து போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். ஸ்டெனோ ஐயா நாற்காலியைப் பக்கத்தில் தள்ளச் சொன்னார். "எந்த ஊர்?" என்று ஐயா கேட்டார். "பாளையங்கோட்டைப் பக்கம்" என்றார் அப்பா. "தாமிரபரணித் தண்ணி" என்றார் ஐயா. அதன் பிறகு ஒரு மணி நேரம் ஆற்றைப் பற்றித்தான் பேசினார்கள். நான் எடுத்த படங்களை ராத்திரி ஏற்றுகிறேன். மொத்தம் பதினான்கு வாசல், அதில் எட்டில் வருஷம் தெளிவாகத் தெரிகிறது. கோயிலும் பள்ளிவாசலும் அடுத்த வாரம்.